ஒட்டும் இடத்தை முதலில் வரையுங்கள்: பழைய வீடுகளை நீட்டிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் கலைஞர்களுக்கும் கட்டடப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பழைய வீட்டோடு ஓர் அறையோ மாடியோ சேர்க்க நீங்கள் பிளான் போட்டுக் கொடுக்கிறீர்கள். வேலை முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறீர்கள். சில மழைக்காலங்கள் கழித்து அந்த வீட்டுக்காரர்கள் கூப்பிடுவது என்னைப் போன்ற பழுதுபார்க்கும் ஆட்களைத்தான். அதனால் உங்கள் வேலை என் கண்ணில் படும்போது அது விரிசல் விட்ட மூலையாகவும், ஓதம் ஏறிய சுவராகவும், பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய நடு அறையாகவும்தான் இருக்கிறது. இந்த மடலில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் அதுதான் காரணம்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. புது அறையை முதலில் வரைகிறீர்கள். அது பழைய வீட்டில் போய் ஒட்டும் இடத்தைக் கடைசியில் வரைகிறீர்கள், பல சமயம் வரைவதே இல்லை. தாளில் இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டு நிற்கின்றன, அவ்வளவுதான். அந்த இடத்தில் என்ன செய்வது என்பதைக் கொத்தனார் முடிவு செய்கிறார், அதுவும் சாந்து குழைத்த பிறகு. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். பழைய வீட்டின் தோற்றத்தோடு புதியது இசைவது பற்றி நீங்கள் தனியாக ஒரு விவாதம் நடத்துகிறீர்களே, அதற்கான விடையும் பெரும்பாலும் அந்த ஒட்டிலேயே கிடைத்துவிடும் என்பது என் எண்ணம்.

இசைவு என்றதும் உங்களில் ஒரு சாரார் நகலெடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். பழைய முகப்பில் வளைவு இருந்தால் புதியதிலும் வளைவு. கொடுங்கை, அதாவது வெளியே வளைந்து நீளும் கூரை விளிம்பு, இருந்தால் அதே வடிவத்தில் சிமெண்டில் வார்த்த கொடுங்கை. ஆனால் அந்த வளைவு அங்கே எதற்காக வந்தது? சுமையைச் சுவரே தாங்கிய காலத்தில் அகலமான திறப்பு விட முடியாது. மேலே போட மரச் சட்டமோ கல்லோ கிடைக்கும் நீளம்தான் ஜன்னலின் அகலம், அதற்கு மேல் வேண்டுமென்றால் செங்கலை வளைத்துக் கட்ட வேண்டும். ஜன்னல் ஒடுங்கி உயர்ந்து நிற்பதும், இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே அத்தனை சுவர் இருப்பதும் அதனால்தான். நீங்களோ கான்கிரீட் பீமைப் போட்டு நான்கு மீட்டர் திறந்துவிட்டு, அதற்குக் கீழே ஒப்புக்கு ஒரு வளைவைத் தொங்கவிடுகிறீர்கள். எதையும் தாங்காத வளைவு தாங்காதது போலவே தெரியும். கட்டடம் படிக்காத சின்னப் பிள்ளைக்குக்கூட அதில் ஏதோ சரியில்லை என்று பட்டுவிடுகிறது, என்னவென்று சொல்லத்தான் தெரியாது.

சுவரின் தடிமனும் அப்படியே. பழைய சுவர் அரை மீட்டர் வரைகூட இருக்கலாம். அதற்குள் பதிந்திருக்கும் ஜன்னலைச் சுற்றி நாள் முழுக்க நிழல் விழும், முகப்புக்கு ஆழத்தைக் கொடுப்பது அந்த நிழல்தான். உங்கள் புதுச் சுவர் அதில் பாதி கனம்கூட இல்லை, ஜன்னலையும் வெளிமுகத்தோடு ஒட்டவைத்துவிடுகிறீர்கள். அதே அளவு, அதே நிறம், அதே மரம் என்று எல்லாம் இருந்தும் அது அட்டையில் வெட்டியது போல நிற்கிறது. ஜன்னலை உள்பக்கமாகத் தள்ளி வைத்தாலே பாதி தீர்ந்துவிடும், செலவும் பெரிதாக ஏறாது. ஆனால் முகப்பை நேராகக் காட்டும் எலிவேஷன் தாளில் இதைப் பார்க்க முடியாது. சுவரை நடுவே வெட்டிப் பார்ப்பது போன்ற குறுக்குவெட்டு வரைந்தால்தான் கண்ணில் படும்.

இன்னொரு சாரார் எதிர்ப்பக்கம் போகிறீர்கள். பழையது பழையதாக இருக்கட்டும், புதியது இந்தக் காலத்துடையது என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லட்டும் என்று கண்ணாடியையும் இரும்பையும் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். கேட்டால் பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிகளான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தைக் காட்டுகிறீர்கள். நினைவுச் சின்னங்களைச் சீரமைக்கும்போது தவிர்க்க முடியாமல் சேர்க்கும் வேலை, மூலத்திலிருந்து வேறுபட்டுத் தெரிய வேண்டும், அதில் தன் காலத்தின் முத்திரை இருக்க வேண்டும் என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். 13-ஆம் பிரிவையும் படியுங்கள். கட்டடத்தின் சிறப்பான பகுதிகளையும், அதன் அமைப்பிலுள்ள சமநிலையையும், சுற்றுப்புறத்தோடு அதற்குள்ள உறவையும் குலைக்காத சேர்க்கைக்கு மட்டுமே அது இடம் தருகிறது. அமெரிக்க உள்துறை 1970களில் பழைய கட்டடங்களின் மறுபயன்பாட்டுக்காக வகுத்த நெறிகளும் இரண்டையும் சேர்த்தே கேட்கின்றன: புதியது வேறு என்று தெரிய வேண்டும், ஆனால் பருமனிலும் அளவிலும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். அதோடு இன்னொன்றும் கேட்கின்றன. நாளைக்கே புதியதை எடுத்துவிட்டாலும் பழைய கட்டடம் தன் வடிவத்தோடு முழுசாக நிற்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை யாரும் எனக்கு மேற்கோள் காட்டியதில்லை. ஒட்டைப் பற்றிப் பேசுவது அது ஒன்றுதான்.

முரண்பட்டு நிற்பதையே கொள்கையாகக் கொண்ட வீடு வேண்டுமானால் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி அமெரிக்காவின் சாண்டா மோனிகாவில் தன் சொந்த வீட்டுக்கு 1978-ல் செய்ததைப் பாருங்கள். 1920களில் கட்டிய சாதாரண வீடு ஒன்றை இடிக்காமல், அதைச் சுற்றி நெளிதகரமும் ஒட்டுப்பலகையும் கம்பிவலையும் கொண்டு இன்னொரு கூட்டைக் கட்டினார். என்னைக் கேட்டால் அதில் குடியிருக்க மாட்டேன். ஆனால் புதுச் சமையலறையில் நின்றால் பழைய வீட்டின் வெளிச்சுவரும் ஜன்னலும் எதிரே அப்படியே இருக்கும், காலுக்குக் கீழே தார்த்தளம். எது முன்பு வெளியே இருந்தது, எது இப்போது உள்ளே வந்தது என்பதை ஒவ்வோர் அடியிலும் அவர் யோசித்திருக்கிறார். அவரைப் பார்த்து நெளிதகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இந்த யோசனையை எடுத்துக்கொள்ளவில்லை.

என் மனதுக்குப் பிடித்தவை நடுவில் இருக்கின்றன. வீடுகளைப் பற்றி எழுதிக்கொண்டே நீதிமன்றத்தையும் தேவாலயத்தையும் உதாரணம் காட்டுவதற்கு மன்னியுங்கள். பெரிய கட்டடங்களைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரின் பழைய நீதிமன்றக் கட்டடத்தை நீட்டுவதற்கான போட்டியில் கட்டடக் கலைஞர் குன்னார் அஸ்ப்லண்ட் 1913-ல் வென்றார். கட்டி முடிந்தது 1930களில். நடுவில் பழைய முகப்பையே நீட்டிக்கொண்டு போவது போன்ற வரைவுகளும் வந்து போயின. கடைசியில் நின்றது தூண்களும் விட்டங்களும் சட்டம் சட்டமாக வெளியே தெரியும் எளிய முகப்பு. பழைய கட்டடத்தின் தூண் வரிசை என்ன தாளத்தில் போகிறதோ அதே தாளத்தில் புதுச் சட்டங்களும் போகின்றன. அதைவிட நுட்பமான ஒன்று ஜன்னல்களில் இருக்கிறது. ஒவ்வொரு சட்டத்துக்குள்ளும் ஜன்னல் நடுவில் இல்லை, பழைய கட்டடம் இருக்கும் பக்கமாக நகர்த்தி வைத்திருக்கிறார். ஓர் அலங்காரமும் சேர்க்காமல், புதியது பழையதன் பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்துவிடுகிறது.

லண்டனின் ஓவியக் காட்சியகமான நேஷனல் கேலரியோடு சேர்த்துக் கட்டிய செயின்ஸ்பரி பகுதி 1991-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு வந்த வேறொரு வரைவை, அருமையான நண்பரின் முகத்தில் கிளம்பிய கட்டி என்ற பொருளில் இளவரசர் சார்லஸ் 1984-ல் பொதுமேடையில் சாடினார், அந்த வரைவு கைவிடப்பட்டது. பிறகு வேலையை ஏற்ற கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வென்டூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் 1838-ஆம் ஆண்டுக் கட்டடத்தில் இருந்த அதே அரைத்தூண் வடிவத்தை அதே வகைக் கல்லில் எடுத்துக்கொண்டார்கள். பழைய கட்டடத்தின் அருகே அவை நெருக்கியடித்து நிற்கின்றன, விலக விலக இடைவெளி கூடி, பிறகு இல்லாமலே போய்விடுகின்றன. இரண்டு கட்டடமும் நேரடியாக ஒட்டவும் இல்லை. நடுவே மக்கள் நடக்கும் ஒரு பாதை போகிறது, மாடி மட்டத்தில் வட்டமான பாலம் ஒன்று இரண்டையும் சேர்க்கிறது. இந்த வேலையைக் கேலி செய்பவர்கள் உங்களிலேயே நிறையப் பேர் என்று தெரியும். எனக்கு அது ஒட்டிலிருந்து தொடங்கி வரைந்த கட்டடமாகத் தெரிகிறது.

இன்னும் பின்னால் போனால் இத்தாலியின் பிளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். அதன் முகப்பின் கீழ்ப்பகுதி, கட்டடக் கலைஞர் அல்பெர்ட்டி வருவதற்கு முன்பே பச்சை, வெள்ளைப் பளிங்கில் பாதி எழும்பியிருந்தது. அவர் அதைப் பிடுங்கி எறியவில்லை. அதே இரண்டு நிறக் கல்லில் மேலே ஏறினார், முகப்பு முழுவதையும் சதுரக் கணக்கில் அடக்கினார். உயர்ந்த நடுக்கூடத்துக்கும் தாழ்ந்த பக்கக் கூரைகளுக்கும் இடையே வரும் அசிங்கமான படியை மறைக்க இரண்டு பக்கமும் சுருள் வடிவங்களை வைத்தார். 1470 என்று ரோமன் எண்களில் முகப்பிலேயே பொறித்திருக்கிறார்கள். பழையவர் போட்ட அளவை எடுத்து அதன் மேல் தன் கணக்கைப் போட்டதுதான் அவர் செய்தது.

ஆகவே முதலில் அளவெடுங்கள். நீளம், அகலம் மட்டும் போதாது. பீட மட்டம், ஜன்னலின் அடிமட்டம், ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலின் மட்டம், எரவாரத்தின் அடி, கூரையின் சரிவு, முகட்டின் உயரம். பழைய வீட்டைப் பார்க்கும் கண் இந்தக் கிடைக்கோடுகளின் வழியாகத்தான் ஓடுகிறது. புதுப்பகுதியில் இவற்றில் இரண்டு, மூன்று கோடுகள் தொடர்ந்தால் மற்றது வேறாக இருந்தாலும் கண் ஏற்றுக்கொள்ளும். எல்லாக் கோடும் ஒரு சாண் மேலேயோ கீழேயோ தவறினால் எவ்வளவு விலையுயர்ந்த ஓடு பதித்தாலும் ஏற்காது. பழைய அறைகளின் உயரம் இப்போது வழக்கமாகக் கட்டும் மூன்று மீட்டரை விட அதிகமாக இருக்கும், எனவே தவறுவது எளிது. முழுமையாக விலகுவதென்றால் வேண்டுமென்றே நன்றாக விலகுங்கள்: முகட்டைத் தெளிவாகத் தாழ்த்துங்கள், சுவரை முகப்பிலிருந்து பின்னுக்கு இழுங்கள். கண்ணுக்கு உறுத்துவது பெரிய வித்தியாசத்தை விடச் சின்னத் தவறுதான்.

இனி ஒட்டுக்கு வருகிறேன்.

பழைய வீட்டின் அடியிலுள்ள மண் பல பத்தாண்டுகளாக அந்தப் பாரத்தில் அமுங்கி ஓய்ந்துவிட்டது. புது அஸ்திவாரம் இனிமேல்தான் இறங்கும். மணலில் சீக்கிரம் முடிந்துவிடும், களிமண்ணில் வருடக்கணக்கில் நடக்கும். ஒன்று நிற்க, இன்னொன்று இறங்க, நீங்களோ பழைய சுவரில் பல் வெட்டிப் புதுச் செங்கலைக் கோத்துக் கட்டச் சொல்கிறீர்கள். விரிசல் அந்தப் பல்லின் ஓரமாகவே வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். வெயிலும் தன் பங்குக்கு வேலை செய்கிறது. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும், செங்கல் சுவர் ஏறக்குறைய அதில் பாதிதான் அசையும். ஆகவே விட்டுக் கட்டுங்கள். 20, 25 மில்லிமீட்டர் இடைவெளி, உள்ளே அமுங்கிக் கொடுக்கும் நிரப்பி, மேலே ஒரு மூடு பட்டை. பட்டையை ஒரு பக்கச் சுவரில் மட்டும் திருகுங்கள். இரண்டு பக்கமும் திருகிவிட்டு, பட்டை பிய்ந்துவிட்டது என்று கூப்பிடுகிற இடங்களுக்கும் போயிருக்கிறேன். நிலநடுக்கம் வரக்கூடிய இடமென்றால் இந்த இடைவெளி இன்னும் அதிகம் வேண்டும், கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு.

அந்த இடைவெளியை மறைக்கத் தவிக்காதீர்கள். அதையே கொஞ்சம் பெரிதாக்கி, இரண்டு பக்கச் சுவரையும் விடப் பின்வாங்கிய ஒரு குறுகிய இடைவழியாக ஆக்கினால், பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்பதை அந்த நிழலே சொல்லிவிடும். பழைய மூலைக்கல்லை உடைக்க வேண்டாம். இரண்டு மட்டங்களுக்கும் வித்தியாசம் இருந்தால் இரண்டு படியோ சரிவோ அங்கேயே போட்டுக்கொள்ளலாம். குழாய், மின்கம்பி எல்லாம் அதன் வழியே போகலாம், பழைய சுவரில் துளை குறையும். நாளைக்கு எடுத்துவிட வேண்டுமென்றாலும் சிரமமில்லை. நான் பழுது பார்த்ததில் ஒழுகாத, பிளக்காத விரிவாக்கங்களில் பெரும்பாலானவை இந்த மாதிரி இடைவழி உள்ளவை. அவற்றுக்கு என்னை வேறு வேலைக்குத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அஸ்திவாரம் தோண்டுவதில் இன்னோர் ஆபத்து உண்டு. பழைய வீட்டின் கடைக்கால் பல இடங்களில் நீங்கள் நினைப்பதை விட மேலோட்டமாக இருக்கும். அதன் பக்கத்திலேயே அதைவிட ஆழமாக நீளப் பள்ளம் வெட்டினால், தாங்கிக்கொண்டிருந்த மண் பக்கவாட்டில் சரிந்துவிடும். முதலில் ஓரிடத்தில் சின்னக் குழி தோண்டி அடிமட்டத்தைப் பார்த்துவிட்டு வரையுங்கள். ஒட்டித்தான் தோண்ட வேண்டுமென்றால் துண்டு துண்டாக, ஒன்றை அடைத்த பிறகு அடுத்தது.

சாந்து விஷயத்தில் உங்களோடு சண்டை போடவே தயார். போர்ட்லாந்து சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-ல். அதற்குப் பிறகும் நெடுங்காலம் சுண்ணாம்பில்தான் உலகம் கட்டியது. சுண்ணாம்புச் சாந்து மிருது. சின்ன அசைவுக்கு வளைந்து கொடுக்கும், சுவருக்குள் ஏறும் ஈரத்தை வெளியே ஆவியாக விடும். அந்தச் சுவரின் மேல் புதுப்பகுதியோடு ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகக் கெட்டியான சிமெண்ட் பூசுகிறீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது. ஓரமாக எங்கே பூச்சு முடிகிறதோ அங்கே உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிர்கிறது. புதுப்பகுதியைச் சிமெண்டில் கட்டிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. ஒட்டைத் தாண்டி ஒரு கரண்டிச் சிமெண்ட்கூடப் பழைய சுவரில் ஏறக்கூடாது என்று தாளில் எழுதுங்கள். சுண்ணாம்புக்கு ஆள் கிடைக்காது, நாளாகும் என்பீர்கள். நாளாகும்தான். அதை வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பரப்பும் வெயிலில் வெவ்வேறு வேகத்தில் வெளுக்கும், எனவே அச்சு அசலாக ஒரே நிறம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள்.

கூரை சேரும் இடத்துக்கு மட்டும் ஒரு தனித் தாள் வேண்டும். சரிவுக் கூரையின் எரவாரத்தை வெட்டி, அதற்கடியில் தட்டைத் தளத்தைச் செருகுவதுதான் நான் அதிகம் பார்க்கும் கோலம். பழைய கூரையின் தண்ணீர் முழுவதும் புதுத் தளத்தில் கொட்டி, சுவரோரம் தேங்கி, உள்ளே இறங்கும். தளம் சுவரைத் தொடும் இடத்தில் நீர்த்தடை குறைந்தது 15 சென்டிமீட்டர் மேலேறி, சுவரில் வெட்டிய காடிக்குள் மடிந்து செருக வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தில் இலை அடைக்கும், அடைத்தால் தண்ணீர் வெளியே விழ இன்னொரு வழி வேண்டும். ஏணி வைத்துக் கை நுழையும் அகலமாவது இருக்க வேண்டும், சுத்தம் செய்யப் போவது மனிதர்கள்.

மேலே மாடி கேட்கிறவர்களிடம் நீங்கள் இன்னும் கறாராக இருக்கலாம். 12 சென்டிமீட்டர் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, அதற்கு மேல் சுவர், தரை, மனிதர்கள். மரக்கூரையைத் தாங்கிய சுவருக்கு இது வேறு வாழ்க்கை. எடை குறைந்த மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ போடலாம். அல்லது பழைய சுவரைத் தொடாமல் தனித் தூண்களில் நிற்க வைக்கலாம். இல்லையென்றால் முடியாது என்று சொல்லலாம். மூன்றாவதைச் சொல்ல உங்களுக்கு வாய் வருவதில்லை, வேலை இன்னொருவரிடம் போய்விடும் என்ற பயம். நியாயமான பயம்தான், மறுக்கவில்லை.

வெளிச்சத்தையும் ஒட்டுக் கணக்கில் சேருங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும்படி உள்ளே போகும் என்பது உங்கள் பாடப் புத்தகக் கணக்கு. வீட்டின் பின்பக்கம் முழுவதும் அடைத்துக் கட்டினால், அதுவரை வெளிச்சமாக இருந்த பின்னறை நடு அறையாகி இருண்டுவிடுகிறது. நீங்கள் சேர்த்தது ஓர் அறை, வீட்டுக்காரர் இழந்ததும் ஓர் அறை. முன்பே சொன்ன இடைவழியைக் கண்ணாடிக் கூரையோடு விட்டாலோ, நடுவில் சின்ன முற்றம் விட்டாலோ அந்த அறை பிழைக்கும். காற்றுக்கும் இதே கதைதான்.

இவ்வளவையும் வரைய உங்களுக்குக் கொடுக்கும் கூலி போதாது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் சதுர அடிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள், ஒட்டுக்குச் சதுர அடி கிடையாது. அதைத் தனி வேலையாகக் காட்டிக் கட்டணம் கேளுங்கள். பழைய வீட்டின் அளவுத் தாள், அஸ்திவாரக் குழியின் குறிப்பு, ஒட்டின் குறுக்குவெட்டு ஒன்றுக்குப் பத்து அளவில், கூரை சேரும் இடம் அதே அளவில். கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு எங்களுக்குக் கொடுக்கும் தொகை தெரிந்தால் இன்னும் பலர் கொடுப்பார்கள்.

பயிற்சிக்கு வரும் இளையவர்களை மாதத்துக்கு ஒரு நாளாவது எங்களோடு அனுப்புங்கள். பிரித்த பூச்சையும் திறந்த கூரையையும் பார்க்கட்டும். சம்பளம் நீங்கள் கொடுத்துவிடுங்கள், ஏணி எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ஒருவன்